ஒரு தடுப்பூசியும் தீராத உறக்கமும்

2009இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது ஐரோப்பாவில் பெருமளவில் போடப்பட்ட தடுப்பூசி பான்டெம்ரிக்ஸ். அடுத்த ஆண்டு பின்லாந்திலும் ஸ்வீடனிலும் மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் சிலர் பட்டப்பகலில் அடக்க முடியாமல் உறங்கிப்போனார்கள். வாய்விட்டுச் சிரித்தால் கைகால் துவண்டு சரிந்தார்கள். இது நார்கோலெப்சி. நம்மை விழித்திருக்கச் செய்யும் ஹைப்போகிரெட்டினைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால் வருவது. அழிந்த செல்கள் மீள்வதில்லை. பின்லாந்தில் 4 முதல் 19 வயது வரையுள்ளோரை ஆராய்ந்தபோது, ஊசி போட்டவர்களிடம் இந்நோய் ஏறக்குறைய 13 மடங்கு அதிகமாக இருந்தது.

செய்தி கேட்டுப் பயந்த பெற்றோர் மருத்துவமனைக்கு ஓடியதால்தான் எண்ணிக்கை கூடியது என்றார்கள் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செய்தி பரவுவதற்கு முந்தைய காலத்தை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் வேறுபாடு மறையவில்லை. இங்கிலாந்தில் தனியே நடந்த ஆய்வும் அதையே சொன்னது. இன்னொரு மறுப்பு கனமானது. சீனாவில் பெரும்பாலும் ஊசியே போடாதவர்களிடம் 2010இல் நார்கோலெப்சி கூடியது. அப்படியானால் வைரஸ்தானே காரணம்? இது ஊசியை விடுவிக்காது என்றே நான் கருதுகிறேன். வைரஸின் புரதத்தைத்தான் ஊசியும் உடலுக்குக் காட்டுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. அத்தகைய உடலில் வைரஸை எதிர்க்கக் கிளம்பிய படை சொந்த மூளைச் செல்களையே தாக்கியிருக்கலாம் என்பதே இன்று வலுவான விளக்கம். ஊசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்த்த துணைப்பொருள் மட்டுமே காரணம் என்று சொல்லவும் முடியவில்லை. அதே துணைப்பொருள் கலந்த ஊசியைப் போட்ட கனடாவில் ஆபத்து மிகக் குறைவாகவே தெரிந்தது.

அதற்காக எல்லாக் காய்ச்சல் ஊசிகளையும் சந்தேகிப்பது தவறு. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசிகளில் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இந்தத் தீங்கை வெளிக்கொணர்ந்தவர்களும் தடுப்பூசியின் எதிரிகள் அல்லர். நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களும், ஊசிப் பதிவேடுகளைச் சரிபார்த்த அரசு நிறுவனங்களும்தான். ஐயம் எழுந்ததுமே, 2010 ஆகஸ்டில், பின்லாந்து ஊசியை நிறுத்தியது. பின்லாந்துக் கணக்கில், ஊசி போட்ட 16,000 பிள்ளைகளில் ஒருவருக்குத்தானே வந்தது என்று கேட்கலாம். அந்த ஒரு பிள்ளை ஊரைக் காக்கவும் சேர்த்துத்தான் ஊசி போட்டுக்கொண்டது. அதன் சுமையை ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டாமா? ஸ்வீடன் 2016இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி, ஒருவருக்கு ஒரு கோடி குரோனா வரை இழப்பீடு கிடைக்க வழிசெய்தது.