ஓர் அங்குலம் கீழே



அமெரிக்க மசில் கார் என்று பேச்செடுத்தாலே எஞ்சின்தான் முதலில் வந்து நிற்கும். 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வில், நடுத்தர அளவுள்ள ஒரு காருக்குள் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அது நன்றாக விற்றதும் மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. நேர்ச்சாலையில் அந்தக் கார்கள் பறந்தன. வளைவு வந்தாலோ தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தின் வேர் எஞ்சினுக்கு அடியில், சேசிஸிலும் சஸ்பென்ஷனிலும் இருக்கிறது. பழைய மசில் கார் ஒன்றை மேம்படுத்த நினைப்பவர் முதல் காசை அங்கேதான் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார். ஆரம்ப விலை 2,368 டாலர். ஓர் ஆண்டுக்குள் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு: ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடிப்பாகத்தைத்தான் பெரும்பாலும் அதற்குப் பயன்படுத்தினார்கள். பின்பக்கம் ஒரே இரும்பு அச்சு. அதைத் தாங்க, நம் லாரிகளில் இருக்கும் அதே கமான் பட்டை. கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அது போதும். அதில் பெரிய எஞ்சினை ஏற்றி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ன ஆகும்? அச்சு முறுக்கிக்கொள்ளும், பட்டை வளையும், பிறகு சடாரென்று நிமிரும். பின்சக்கரங்கள் தரையில் பதியாமல் துள்ளும். இருக்கிற குதிரைத்திறனில் ஒரு பகுதி அந்தத் துள்ளலிலேயே வீணாகிவிடும்.

இந்தக் குறையை முதலில் சரிசெய்தவர்களில் முக்கியமானவர் கரோல் ஷெல்பி. லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய பட்டறை மஸ்டாங்கை வாங்கி 1965-இல் ஜி.டி.350 என்ற காராக மாற்றியது. எஞ்சினை 271 குதிரைத்திறனிலிருந்து 306-க்கு உயர்த்தினார்கள். எல்லோரும் சொல்வது அதைத்தான். எனக்குப் பிடித்த மாற்றம் வேறு: ஃபோர்டின் பொறியாளர் க்ளவுஸ் ஆர்னிங் கணக்கிட்டுக் கொடுத்த வடிவமைப்பின்படி, முன்சக்கரத்தின் மேல்கையைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு துளை, மொத்தம் நான்கு. அவ்வளவுதான்.

அது என்ன செய்கிறது? உங்கள் கையை, சுண்டுவிரல் ஓரம் கீழே படும்படி, மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதை டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும். பழைய மஸ்டாங்கில் டயரும் சேர்ந்து சாய்ந்துவிடும். இப்போது கையை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், சுண்டுவிரல் ஓரத்தின் ஒரு விளிம்பு மட்டும்தான் மேசையைத் தொடும். பாதையைப் பற்ற வேண்டிய ரப்பரில் பெரும்பகுதி அந்தரத்தில் நிற்கும். மேல்கையின் உள்முனையைக் கீழே இறக்கிவிட்டால், ஸ்பிரிங் அமுங்க அமுங்க அந்தக் கை டயரின் தலையை உள்பக்கம் இழுக்கிறது. உடல் சாய்ந்தாலும் டயர் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது. கூடவே, உடல் சாய்வதும் கொஞ்சம் குறைகிறது.

1965 பிப்ரவரியில் டெக்சஸில் நடந்த பந்தயத்தில் கென் மைல்ஸ் ஜி.டி.350-ஐ ஓட்டினார். ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படத்தில் கிறிஸ்டியன் பேல் நடித்தாரே, அதே கென் மைல்ஸ்தான். முதல் பந்தயத்திலேயே வெற்றி. ஆனால் 1966-ஆம் ஆண்டுக் கார்களைச் செய்துகொண்டிருந்தபோது, செலவைக் குறைக்க, மேல்கையை இறக்கும் இந்த மாற்றத்தை ஷெல்பி கம்பெனியே கைவிட்டது. எனக்கு இன்றும் மனம் ஆறாத முடிவு அது. நல்ல வேளையாக அந்த வித்தை அழியவில்லை. துளை போட வேண்டிய இடத்தைக் காட்டும் தகட்டு அச்சு இப்போது கடையில் கிடைக்கிறது. கையில் ஒரு டிரில் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம்.

1967-இல் வந்த செவர்லே கமரோவின் சிக்கல் வேறு மாதிரி. அதன் முன்பக்கச் சட்டம் தனி. ரப்பர் புஷ் வைத்து உடலோடு போல்ட் போட்டிருப்பார்கள். பின்பக்கம் பல கமரோக்களுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டைதான்; இதிலும் பின்சக்கரங்கள் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க, 1968-இல் ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தது கம்பெனி. இன்று செய்பவர்கள் முன்சட்டத்தையும் பின்பக்கத்தையும் இரும்புக் குழாயால் இணைத்துவிடுகிறார்கள். ரப்பருக்குப் பதில் அலுமினிய புஷ் போடுகிறார்கள். உடல் முறுக்குவது நின்றால்தான் சஸ்பென்ஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

இதற்கு மேலும் போகலாம். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்ட் மாரிசன், இலினாயில் ரோட்ஸ்டர் ஷாப் போன்ற நிறுவனங்கள் முழு சேசிஸையே புதிதாகச் செய்து தருகின்றன. செவர்லே ஷெவெல் போல தனிச் சட்டத்தின்மேல் உடலை வைத்த கார்களுக்கு இது தோதானது. உடலைக் கழற்றித் தூக்கிப் புதுச் சட்டத்தில் உட்கார வைக்கலாம். மஸ்டாங் மாதிரியோ, முன்சட்டம் தவிர மற்றப் பகுதியில் கமரோ மாதிரியோ உடலும் சட்டமும் ஒன்றான கார்களில் வெட்டிப் பற்றவைக்க வேண்டிவரும். அங்கேதான் நான் தயங்குவேன். போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கைப் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோ மேடுகளில் தாவிக் குதிக்க அதன் சஸ்பென்ஷனைப் பலப்படுத்தியவர் மேக்ஸ் பல்சவுஸ்கி. பல ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருந்த அந்தக் கார், புதுப்பிக்கப்படாமல் பழைய கோலத்திலேயே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. வரலாறு உள்ள காரில் கைவைக்காதீர்கள். துருப்பிடித்து, எஞ்சின் மாறி, பெயின்ட் மாறி நிற்கும் கார்கள் ஏராளம் இருக்கின்றன. உங்கள் பரிசோதனைகளை அவற்றில் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், பலர் கோட்டைவிடுவது. இவ்வளவும் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டுக்குப் போய், 1960-களின் கையேட்டில் உள்ள அளவையே வைக்கச் சொல்லாதீர்கள். அந்த அளவுகள் பழைய பயஸ் டயர்களுக்காக எழுதியவை. இப்போது நீங்கள் போட்டிருப்பது ரேடியல் டயர். சக்கரம் திரும்பும் அச்சைப் பின்பக்கமாக இன்னும் கூடுதலாகச் சாய்த்து வைத்தால், வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும், நெடுஞ்சாலையில் கார் அலையாமல் போகும். புதுப் பாகங்கள் வந்த பெட்டிக்குள்ளேயே அதற்கான அளவுகளை அச்சிட்ட தாள் இருந்தால், அதைப் பத்திரமாக எடுத்துப்போய் அலைன்மென்ட் செய்பவரிடம் கொடுங்கள்.