அம்மா கேட்ட கேள்வி
(மே 18, உலக அருங்காட்சியக தினத்தன்று நம் குடியிருப்பு மாலைக் கூட்டத்தில் பேசியது)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் குமாஸ்தா வேலை. கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால், ஐரோப்பியக் கலைப்பொருட்களைப் பார்க்க லண்டனுக்கும் பாரிசுக்கும் போக வேண்டியதில்லை, ஐதராபாத் போதும் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்வேன்.

அங்கே சாலர் ஜங் அருங்காட்சியகம் இருக்கிறது. நிஜாமிடம் திவானாக இருந்த மூன்றாம் சாலர் ஜங், மீர் யூசுஃப் அலி கான், திருமணமே செய்துகொள்ளவில்லை. சொத்தில் பெரும்பங்கைக் கலைப்பொருட்கள் வாங்கவே செலவிட்டார். 1949-ல் அவர் காலமானார். வாரிசு இல்லாத அந்தச் சேகரிப்பு 1951 டிசம்பரில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 1961-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. வெனிஸ் நகரத்து ஓவியம், பிரெஞ்சுப் பீங்கான், கண்ணாடிச் சாமான்கள், பதினாறாம் லூயி மன்னர் திப்பு சுல்தானுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தந்த நாற்காலிகள் எல்லாம் அங்கே உண்டு.

1996-ல் எல்.எஃப்.சி.யில் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். நான் மாஞ்சோலையில் பிறந்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா அங்கே முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள்.

முக்காடிட்ட ரெபெக்காள் சிலை முன்னால் அம்மா நின்றுவிட்டாள். ஈசாக்கைக் கண்டதும் ரெபெக்காள் முக்காடு போட்டுக்கொண்டதாக பைபிளில் வருகிறதே, அந்தக் காட்சி. முகமும் பளிங்கு, முக்காடும் அதே பளிங்கு. ஆனாலும் மெல்லிய துணிக்குள்ளே முகம் தெரிவது போலவே இருக்கும். கல்லில் ஒளி ஊடுருவுவதில்லை. துணி மடியும் இடத்தை மட்டும் மேடாக விட்டு, கண், மூக்கு, உதட்டை மழுக்கிச் செதுக்கியிருக்கிறார். மீதியை நம் கண் இட்டு நிரப்பிக்கொள்கிறது.

அம்மா சொன்னாள்: “ஏல, மழையில கொழுந்து எடுக்கும்போது தலைத்துணி மூஞ்சில ஒட்டுமே, அதே மாதிரில்லா இருக்கு. யாரு செஞ்சது?”

பக்கத்திலேயே பெயர்ப்பலகை இருந்தது. நான் வாசிக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. அங்குள்ள இசைக் கடிகாரத்தில் மணிக்கு ஒருமுறை ஒரு தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும். பன்னிரண்டு அடியையும் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். “யாரோ வெள்ளைக்காரன்மா, வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கடிகாரம் அடித்தது. கூட்டத்தில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சிற்பி பெயர் ஜியோவான்னி மரியா பென்சோனி. இத்தாலிக்காரர். முதலாம் சாலர் ஜங் 1876-ல் ஐரோப்பா சென்றபோது ரோமில் வாங்கிய சிலை அது. இதை நான் தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் மாஞ்சோலை. 2024-ல் வேலை நின்றது. என் தம்பி குடும்பமும் கீழே இறங்கியது. லைன் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அம்மாவின் கொழுந்துக் கூடை கிடந்தது. வண்டியில் இடமில்லை, இது எதற்கு என்று சொன்னவனும் நான்தான். அயல்நாட்டுச் சாமான்களைக் காசு கொடுத்து வாங்கி, யார் செய்தது, எப்போது வந்தது என்று எழுதிப் பாதுகாத்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், சொந்த வீட்டுக் கூடையைப் போட்டுவிட்டு வந்தேன்.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். ஐதராபாத் போனால் (வெள்ளிக்கிழமை விடுமுறை) எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடாதீர்கள். உங்கள் அம்மாவோ பேத்தியோ எங்கே நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள், பலகையை வாசித்துச் சொல்லுங்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றை எடுத்து, யாருடையது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் இதே அரங்கில் மேசை போட்டு வைக்கலாம், செயலாளர் சம்மதித்திருக்கிறார்.

என் பங்குக்குக் கூடை இல்லை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. சீட்டு எழுதிவிட்டேன்.