டாக்டர் "இப்போது சொல்ல முடியாது" என்றால்

(நமது டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பிறந்த குழந்தைக்கு மூளையில் பாதிப்பு என்று கேள்விப்பட்டு, நிலைகுலைந்து நம் டிரஸ்ட்டுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை நடக்குமா, பேசுமா?" டாக்டர் சொல்வதும் ஒன்றுதான்: "இப்போது சொல்ல முடியாது." இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர்கள் பல மாதங்கள் வாழ வேண்டியிருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு இரத்தமும் ஆக்சிஜனும் போதிய அளவு போகாவிட்டால் இந்தப் பாதிப்பு வரலாம். தொப்புள்கொடி அழுந்துவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது போன்றவை காரணமாகலாம். பல நேரங்களில் காரணமே தெரிவதில்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில், தேவைப்படும் குழந்தைகளுக்கு, பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியசுக்குக் குறைத்து வைக்கிறார்கள். பிள்ளை சில்லென்று கிடக்கிறதே என்று பதற வேண்டாம், அதுவே சிகிச்சை.

ஸ்கேன் எடுத்த பிறகும் உறுதியாகச் சொல்லவில்லையே, டாக்டர் மறைக்கிறாரோ என்று சிலர் நினைக்கிறார்கள். காயம் எங்கே, எவ்வளவு என்பதை ஸ்கேன் காட்டும். வளரும் மூளை அந்தக் காயத்தைத் தாண்டி என்ன செய்யும் என்பதைப் பிள்ளை வளர்ந்துதான் காட்டும். இலேசான பாதிப்புள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். கடுமையான பாதிப்பில் உயிருக்கே ஆபத்து உண்டு. பிழைத்தாலும் பெருமூளை வாதம், வலிப்பு, பார்வைக் குறை வரலாம். இடைப்பட்ட நிலையில்தான் முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் நாம், டாக்டரிடம் அந்த அறிவை எதிர்பார்ப்பது நியாயமா?

அழும் தாயிடம், "அழாதே, ஸப்ர் செய்" என்று சொல்லி அடக்குகிறோம். யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மகனை நினைத்துக் கண் பார்வை போகும் அளவுக்குக் கவலைப்பட்டார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்வோமா? அழுகை ஸப்ருக்கு எதிரானதல்ல. அழுதுகொண்டே இன்றைய வேலையைச் செய்வதும் ஸப்ருதான்.

இன்றைய வேலை என்ன? சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போவது. காது, கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதிருப்பது. நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காவிட்டாலோ, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ உடனே காட்டுவது. பயிற்சி தேவை என்றால், "வளர்ந்ததும் பார்க்கலாம்" என்று காத்திராமல் தொடங்குவது. ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் வலிப்பு மருந்தை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தவக்குல் என்பது மருந்தை விடுவதல்ல.

மாமியார்மார்களே, உறவினர்களே! "உண்டாகியிருக்கும்போது அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை", "அந்தப் பிள்ளை காலடி சரியில்லை" என்ற பேச்சு நம் வீடுகளில் வேண்டாம். பிரசவப் புண் ஆறாத பெண்ணின் மீது பழி போடுவது பெரும் அநியாயம். "என்ன ஆச்சு?" என்று தினமும் கேட்பதை விட, ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள். வாப்பாமார்களே, மருத்துவமனைக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பின்னாளில் பெருமூளை வாதம் என்று உறுதியானால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஏற்றிருக்கிறது. அடையாள அட்டை வாங்குவதில் வெட்கம் எதற்கு? விண்ணப்பம் எழுத, போக்குவரத்துச் செலவுக்கு உதவ, கூட வர நாம் இருக்கிறோம். அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்; வெளியே போகாது.

அந்தப் பிள்ளை நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த மஹல்லாவின் பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், பெருநாளில் புதுச்சட்டை போட்டுத் தூக்கி வருவோம். அல்லாஹ் அந்தக் குழந்தைகளுக்கு ஷிஃபாவையும், பெற்றோருக்கு மன வலிமையையும், நமக்கு உதவும் கைகளையும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.