வெள்ளோட்டத்தில் தமிழர் எங்கே?
(முண்டியம்பாக்கத்தில் நிகழ்த்திய உரை)



புதுத்தேர் செய்தவர் அதனைத் திருவிழா நாளிலேயே முதன்முதல் இழுப்பதில்லை. முன்னரே வெள்ளோட்டம் விட்டு, அச்சும் ஆழியும் ஆய்ந்து, பழுது நீக்குவர். தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் ஆய்ந்து கேட்க அரங்கேறியதெனப் பாயிரம் கூறுகின்றதன்றோ!

கட்டற்ற மென்பொருளுக்கும் இம்முறை உண்டு. இலிபரெ ஆபிசு என்னும் அலுவலக மென்பொருளின் புதுப்பதிப்பு வழக்கமாகப் பிப்பிரவரியிலும் ஆகத்திலும் வெளிவரும். அதற்குப் பல கிழமை முன்னரே ஆய்வுப்பதிப்பை எவரும் விலையின்றிப் பெறலாம்; கண்ட பிழையைப் பொதுப் பதிவேட்டில் எழுதலாம்.

எத்தகைய பிழை? னகரம் நம் நெடுங்கணக்கின் இறுதி எழுத்து. ஒருங்குகுறி அட்டவணையிலோ அது நகரத்திற்கும் பகரத்திற்கும் இடையில் நிற்கின்றது. அக்குறியெண்களையே பின்பற்றி அடுக்கும் மென்பொருள், 'மனம்' என்பதை 'மரம்' என்பதற்கு முன் வைக்கும். அகரமுதலியில் மரமே முன், மனம் பின். இத்தவற்றைச் செருமானியன் காண்பானா? சப்பானியன் காண்பானா? தமிழறிந்தவனே காண்பான்! அவன் வாளாவிருந்தால், பிழையே நிலைப்பதிப்பாகி உலகெங்கும் பரவும்.

ஆதலின் இளைஞர்காள், ஆய்வுப்பதிப்பை இறக்குங்கள். ஒன்றே உள்ள மூலப்படியில் கைவையாது, மாற்றுப்படியில் ஆயுங்கள். பெயர்ப்பட்டியலை அடுக்குங்கள், கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என நோக்குங்கள். என்ன செய்தீர், என்ன நேர்ந்தது, எது நேர்ந்திருக்க வேண்டும் என மூன்றையும் தெளிய எழுதுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தொண்டு ஆற்றலாம்.

ஓடிய தேரைப் பழித்துப் பயனென்? வெள்ளோட்டத்திலேயே வடம்பிடிக்க வாருங்கள்!

வெல்க தமிழ்!