உள்ளங்கை வியர்வை

(ஸ்ரீவைகுண்டத்தில் நம் சங்க மாதக் கூட்டத்தில் பேசியது)



தாமிரபரணிக் கரையில் வாழ்வார்க்கு வியர்வை புதிதன்று. உடற்சூட்டைத் தணித்தற்கு இயற்கை வகுத்த வழி அது. யாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, நிழலில் அமர்ந்திருப்பினும் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய இடங்களில் மிகுந்து சுரக்கும் வியர்வையைப் பற்றியது.

எம் வகுப்பில் ஒரு மாணவன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையூன்றி எழுதுவான். அங்ஙனமிருந்தும் தாள் நனைந்து எழுத்துக்கள் கலைந்துவிடும். ஒருநாள் 'தூய்மையில்லாத கை' என்று கடிந்தோம். மறுவாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்து வயதுவரை பேசாதிருந்தார் என்று சொல்லப்படும் குமரகுருபரர் பிறந்த ஊரில், பிள்ளையின் உடற்குறையைக் குணக்குறையாக எண்ணியது எம் பிழையே.

சுரப்பிகளிற் பழுதில்லை, அவற்றை ஏவும் நரம்புகளே அளவுக்கு மிஞ்சித் தூண்டுகின்றன. பெரும்பாலும் இளமையில் தொடங்கும், குடும்பவழியாகவும் வரும். உறக்கத்தில் நின்றுவிடுதல் இதன் அடையாளம். இரவில் படுக்கை நனைய வியர்க்குமாயின் அது வேறு; காசநோய், தைராய்டுக் கோளாறு முதலியன உளவோ என்று மருத்துவர் ஆராய்தல் வேண்டும்.

முதற் பரிகாரம் அலுமினியம் குளோரைடு கரைசல். இரவில் நன்கு உலர்ந்த தோலிற் பூசிக் காலையிற் கழுவுக. ஈரத்தோலிற் பூசினால் எரியும். பலர் இதனாலேயே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகின்றனர். அடுத்தது, தண்ணீர்த் தட்டிற் கைகளை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துதல். வாரத்திற் சில நாள், 20 நிமிடமளவு. கருவுற்றோர்க்கும், இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்க்கும் இஃது ஆகாது. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு எவரும் தாமே செய்து பார்த்தலுங் கூடாது! பொட்டுலினம் ஊசியின் பயன் சில மாதங்களே நிற்கும், செலவும் மிகுதி. மாத்திரைகளோ வாயை உலர்த்தும். உடல் முழுவதும் வியர்வையைக் குறைத்தலால், கோடையில் வயலில் உழைப்பவர்க்கு உடற்சூடு ஏறும் அபாயமுண்டு.

ரணசிகிச்சை கடைசி வழி. மார்பினுள் நரம்பைத் துண்டித்தால் கை உலர்வது மெய்யே. ஆயின் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை புதிதாகப் பெருகுதல் பலர்க்கு நேர்கின்றது. வெட்டியதை மீட்டலும் அரிது. சித்திரை மாதத்தில் அத்துன்பம் எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். கலியாணத்திற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று பெண்ணைப் பெற்றவர் அவசரப்படுதலை யாம் ஒப்போம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. முதலில் அங்கே காட்டுக.

அம்மாணவனை அவன் வீட்டிற்கே சென்று அழைத்து வந்தோம். கரைசல் பூசியும் கை முற்றும் உலரவில்லை. கைக்கடியில் மையொற்றுத்தாள் வைத்துத் தேர்வெழுத இசைவு வாங்கிக் கொடுத்தோம்.