அலையின் கணக்கு



நான் பள்ளியில் பயின்ற 1980-களில் எங்கள் வீட்டில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. காலையில் ஒலிபரப்புத் தொடங்கும்போது அறிவிப்பாளர் இரண்டு எண்களைச் சொல்லுவார். சென்னை நிலையமாயின் 416.67 மீட்டர், 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சிராப்பள்ளியாயின் 320.5 மீட்டர், 936 கிலோஹெர்ட்ஸ். ஒரே நிலையத்துக்கு இரண்டு முகவரிகள் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. மழை பெய்த ஒரு விடுமுறை நாளில், வேறு வேலை ஏதும் இல்லாமையால், அவ்விரு எண்களையும் பெருக்கிப் பார்த்தேன். சென்னைக்கு மூன்று இலட்சம் வந்தது. திருச்சிராப்பள்ளிக்கும், சொற்ப வேறுபாட்டுடன், அதே மூன்று இலட்சம். திருநெல்வேலியின் 1197-ஐயும் 250.6-ஐயும் பெருக்கினேன், மீண்டும் மூன்று இலட்சம்! ஏதோ புதையலைக் கண்டெடுத்தவன் போலத் துள்ளினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆயினும் அது உண்மை.

அந்த மூன்று இலட்சம் யாது? வானொலி அலை ஒரு விநாடியில் கடக்கும் தூரம், கிலோமீட்டர் கணக்கில். ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து ஒரு விநாடியில் 7,20,000 அலைகள் புறப்படுகின்றன என்று கொள்ளுங்கள். இதுவே அதிர்வெண். ஒவ்வோர் அலையும் 416.67 மீட்டர் நீளம். இது அலைநீளம். அவை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அப்படியாயின், விநாடி முடியும் வேளையில் முதல் அலையின் தலை எங்கே இருக்கும்? எண்ணையும் நீளத்தையும் பெருக்கினால் விடை வந்துவிடுகிறது. அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்க வேகம் கிடைக்கும் என்னும் விதி இவ்வளவுதான்.

விதி எளிது, அதனைப் புரிந்துகொள்வதில்தான் வழுக்கல். கல்லூரி முதலாண்டுத் தேர்வில், ‘அதிர்வெண் இருமடங்கானால் வேகம் என்னவாகும்?’ என்றொரு வினா வந்தது. வேகமும் இருமடங்காகும் என்று தயக்கமின்றி எழுதினேன். பெருக்கலில் ஒன்று கூடினால் விடையும் கூடத்தானே வேண்டும்? எங்கள் ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தெருக்கோடியில் சுவாமி புறப்பாடு வரும்போது வீட்டுத் திண்ணையிலிருந்து நாகசுரம் கேட்டிருக்கிறாயா?” என்று மட்டும் வினவினார். “நீ எழுதியது சரியென்றால் மேல் ஸ்தாயி முதலில் உன் காதுக்கு வரும், கீழ் ஸ்தாயி பின்தங்கி வரும். இராகம் என்னவாகும்?”

அன்று என் மண்டையில் ஏறியதை உங்களுக்கும் சொல்லுகிறேன். இந்த மூன்று அளவுகளும் சம உரிமை படைத்தவை அல்ல. அதிர்வெண்ணை நிர்ணயிப்பது அலையை எழுப்பும் பொருள். வேகத்தை நிர்ணயிப்பது அலை செல்லும் ஊடகம். அலைநீளமோ, இவ்விரண்டுக்கும் இடையே வளைந்து கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. நாகசுரத்தின் சுரம் ஏறினால் காற்றிலே அலைநீளம் குறைகிறது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டராகவே நிற்கிறது. சில ஊடகங்களில் வேகமும் அதிர்வெண்ணுக்கேற்பச் சிறிது மாறும். கண்ணாடிப் பட்டகம் வெயிலை ஏழு நிறமாகப் பிரிப்பது அதனால்தான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இந்தக் கணக்கு தேர்வுத் தாளை விட்டு வெளியே வந்து என்னை எதிர்கொண்ட இடம் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பம். ஆண்டு 2005. முந்தைய டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூரை வாரிச் சென்றிருந்தது. மாணவர்களுடன் உதவிப் பணிக்குச் சென்றிருந்த என்னிடம் முதிய மீனவர் ஒருவர் வந்தார். அன்று காலை அவர் படகில் இருந்தார். நாற்பது பாகம் ஆழத்தில் வலை விரித்திருந்தார். “வாத்தியாரையா, எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடல் எப்போதும் போலத்தான் கிடந்தது. கரைக்குத் திரும்பினால் ஊர் இல்லை. அந்த அலை எங்கள் காலடியில்தானே போயிருக்க வேண்டும்?” என்றார்.

ஆம், காலடியில்தான் போயிற்று. மணலில் கோடு கிழித்து அவருக்குக் கணக்குச் சொன்னேன். கடலின் ஆழத்தைவிட அலையின் நீளம் மிகப் பெரிதாக இருந்தால், அந்த அலையின் வேகத்தை ஆழம் ஒன்றே முடிவு செய்கிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 617 கிலோமீட்டர். பெரியவரின் படகு நின்ற இடத்தில், அதாவது எழுபது மீட்டர் அளவான ஆழத்தில், 94 கிலோமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். ஆனால் கடலடி அதிர்ந்து எழுப்பிய அலையின் அதிர்வெண் வழியில் மாறுவதில்லை. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆழ்கடலிலும் இருபது நிமிடம், கரையிலும் இருபது நிமிடம். வேகம் குறைகிறது, எண் மாறவில்லை. ஆகவே நீளம் சுருங்கியே தீரவேண்டும். ஆழ்கடலில் 206 கிலோமீட்டர் நீண்டிருந்த அலை, படகின் அடியில் 31 கிலோமீட்டராகி, கரையோரம் 12 கிலோமீட்டராகக் குறுகுகிறது. அவ்வளவு நீளத்தில் பரவியிருந்த ஆற்றல் இவ்வளவு சிறிய இடத்துக்குள் நெருக்கப்படும்போது எங்கே போகும்? மேலே எழும்புகிறது. அன்று ஆழ்கடலை மேலிருந்து அளந்த ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் கண்ட உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பத்து மீட்டர் ஆழத்துக்கு வருவதற்குள்ளேயே அத்தகைய உயரம் நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிடும். படகோ, பத்து நிமிடம் மெல்ல ஏறிப் பத்து நிமிடம் மெல்ல இறங்கியிருக்கும். அதை யார் உணர்வார்?

பெரியவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பூமி அங்கே எத்தனை மணிக்கு அதிர்ந்தது?” என்று கேட்டார். நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடம் என்றேன். பிளவு வடக்கே அந்தமான் பக்கம் வரை நீண்டதால் அலை நமக்கு அருகிலிருந்தும் புறப்பட்டது; இருந்தும் நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. “வானொலி அலைக்கு?” என்றார். சுமத்திராவிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்; மூன்று இலட்சத்தால் வகுத்தால் ஒரு விநாடியில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. “அப்படியென்றால் அந்த இரண்டரை மணி நேரம் அந்த அலை எங்கே போயிருந்தது ஐயா?”

நான் மறுமொழி சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும்: பசிபிக் கடலுக்கு இருந்தது போன்ற எச்சரிக்கை ஏற்பாடு இந்துமாக் கடலுக்கு அப்போது இல்லை. அதை அவரிடம், அந்த இடத்தில், எப்படிச் சொல்லுவது?

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ஆம் நாள் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. செய்தி கேட்டவுடன் பெரியவரின் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுச் சாலைக்கு அவர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார். கரையில் காய்ந்துகொண்டிருந்த வலையை எடுக்க நேரமில்லை என்பது ஒன்றே அவருடைய குறை. அன்று பாறைகள் மேலும் கீழுமாக அல்லாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியமையால் பெரிய அலை எழவில்லை. மாலையில் அவர் இறங்கிப் போனபோது வலை போட்ட இடத்திலேயே கிடந்ததாம்.