கோழிக்கூண்டில் ஒரு தேவதூதர்

(நம் கிளப் ஹவுஸில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுக் கதை கேட்க வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

இன்று இரண்டே கதைகள். இரண்டும் கொலம்பியாவைச் சேர்ந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதியவை. 1972-இல் வந்த ஒரே தொகுப்பில் இருப்பவை. 1982-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

முதல் கதை. மூன்று நாள் விடாத மழை. வீட்டுக்குள் வந்த நண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பும் பெலாயோ, முற்றத்துச் சேற்றில் ஒரு கிழவர் குப்புறக் கிடப்பதைப் பார்க்கிறான். முதுகில் பெரிய சிறகுகள். பேசும் மொழி யாருக்கும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "இவர் தேவதூதர்" என்கிறாள். என்ன செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டில் அடைத்தார்கள்! பாதிரியாருக்குச் சந்தேகம்: தேவதூதருக்கு லத்தீன் தெரியவில்லையே! பெலாயோவின் மனைவி, பார்க்க வருகிறவர்களிடம் தலைக்கு ஐந்து சென்ட் வசூலிக்கிறாள். அந்தப் பணத்தில் மாடி வீடு எழும்புகிறது. ஜன்னல்களுக்குக் கம்பி போடுகிறார்கள், தேவதூதர்கள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று!

மாய யதார்த்தவாதம் என்பது இதுதான். சிறகு முளைத்ததை ஆசிரியர் சாதாரணச் செய்திபோலச் சொல்லிவிடுகிறார். அதனால் நம் கவனம் சிறகை விட்டு, சுற்றி நிற்கும் மனிதர்கள் மேல் போகிறது. சிறகுதான் கற்பனை. கோழிக்கூண்டு நமக்குத் தெரிந்ததுதான்.

இரண்டாவது கதையில், முன்பின் தெரியாத ஒருவரின் உடல் ஒரு மீனவக் கிராமத்தில் கரை ஒதுங்குகிறது. பெண்கள் அவரைக் குளிப்பாட்டி, எஸ்தெபான் என்று பெயர் வைக்கிறார்கள். அநாதையாக அனுப்பக் கூடாதென்று அம்மா, அப்பா, மாமா, அத்தை என்று ஊரிலேயே உறவுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வளவு உயரமான மனிதர் வாசலில் எத்தனை முறை தலையை இடித்துக்கொண்டிருப்பார் என்று அழுகிறார்கள். இனி நம் வீட்டுக் கதவுகள் அகலமாக இருக்கட்டும் என்று முடிவெடுக்கிறார்கள். முதல் ஊர் கம்பி போட்டது. இந்த ஊர் கதவை அகலமாக்கியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் இரவுக் காவலரை எட்டு மாதமாக "செக்யூரிட்டி" என்றுதான் கூப்பிட்டேன். வெளிமாநிலத்துக்காரர், என்ன பேசுவது என்று ஒரு சாக்கு. இந்தக் கதைகளை மறுபடி படித்த பிறகுதான் பெயரைக் கேட்டேன். சொல்லிவிட்டு, "ஏன் சார், ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கை தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள்: நாம் போடுவது கம்பியா, அகலமாக்குவது கதவையா?